தாமதத்திற்கு வருந்துகிறோம்

என் மனைவியின் வாயிலுள்ள கிருமிகளைப் பரிசோதனைக்கு எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், நான் செய்த முதல் காரியம் அவற்றைக் கூண்டோடு ஒழித்துக்கட்டியதுதான்.

விருந்தாளி வருகிறார் என்றால் கூடத்தைப் பெருக்கி வைக்கிற புத்தி. அழுக்கு வாயோடு போய் உட்கார்ந்தால் பல் டாக்டரம்மா நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்? நான் பேருந்து நிலையத்தில் மைக்கையும் ஒலிபெருக்கிகளையும் பராமரிக்கிறவன். ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பெட்டியின் திருகுகளுக்கு அடியில் தூசி சேர்ந்தால் மெல்லிய குழாய் வழியாக மருந்தை உள்ளே பீய்ச்சுவேன், கரகரப்பு போய்விடும். வாய்க்கும் அதே வித்தைதான் என்று முடிவு கட்டினேன். மருந்துக்கடையில் புது சிரிஞ்சு ஒன்று வாங்கி, ஊசி முனையை அரத்தில் தேய்த்து மழுக்கி, லேசாக வளைத்து, வாய் கொப்பளிக்கிற மருந்தை நிரப்பினேன். அவளைக் குளியலறை விளக்குக்கு அடியில் நிறுத்தி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஓர் இடுக்கு விடாமல் அடித்தேன். அவள் கண்ணை மூடிப் பொறுத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முன் பெருமையோடு இன்னொரு சுற்று.

டாக்டரம்மா ஈறின் பள்ளத்துக்குள் காகிதக் குச்சி ஒன்றை நுழைத்து, ஊறவிட்டு, சின்னக் குப்பியில் போட்டு அனுப்பினார். பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது: எதுவும் வளரவில்லை.

நான் குதூகலித்தேன். பள்ளியில் நான் வாங்காத முதல் மார்க்கை என் மனைவியின் வாய் வாங்கிவிட்டது என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அன்றைக்குக் காலையில் ஏதாவது போட்டுக் கொப்பளித்தீர்களா என்று கேட்டார். நான் சிரிஞ்சு வித்தையை, மழுக்கிய முனை உட்பட, செய்முறை விளக்கமாகச் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். திருடனைப் பிடிக்க மாறுவேடத்தில் போலீஸ் அனுப்பினால், நான் முன்னாடியே பேண்டு வாத்தியத்தோடு போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஈறு பழைய நிலைக்கு வந்து, ஓடிப்போனவர்கள் திரும்பிக் குடியேறிய பிறகுதான் மறுபடி மாதிரி எடுக்க முடியுமாம். அதற்குச் சில வாரங்கள் ஆகுமாம்.

சில வாரங்கள் என்பது மற்றவர்களுக்குச் சும்மா நாட்கள். என் மனைவிக்கு அப்படியில்லை. அவள் அந்தப் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடை, எது கிளம்புகிறது, எது வரவே வராது என்று சொல்கிறவள். அவள் முகம் யாருக்கும் தெரியாது. குரல் கேட்காமல் ஒருவரும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. டிரைவர்களும் கண்டக்டர்களும் அவளை மைக்கம்மா என்பார்கள். என்னைக் 'கரகர' என்பார்கள். அவள் பேசுவது அவள் புகழ், நடுவில் வருகிற சத்தமெல்லாம் என் புகழ்.

அவளுடைய மேல்வரிசை முன்பல் நான்கும் ஆட ஆரம்பித்திருந்தன. பூச்சியில்லை, கறையில்லை, பார்ப்பதற்கு வெள்ளையாக, லட்சணமாக இருந்தன. ஆனால் நாக்கு பட்டால் நகர்ந்தன. தமிழில் மைக் முன்னால் பேசிப் பார்த்தால்தான் முன்பல்லின் அருமை தெரியும். 'த' என்றால் நாக்கு அங்கே போய் நின்றாக வேண்டும். 'ந' என்றாலும் அங்கேதான். அவள் தொழிலில் நடைமேடை இல்லாத வாக்கியம் உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'தயவுசெய்து'? எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் நிலையத்தின் தேசிய கீதமான அந்த வாக்கியம், 'தாமதத்திற்கு வருந்துகிறோம்'. அதை எழுதியவன் பல் போனவர்கள் மேல் ஏதோ வஞ்சம் வைத்திருந்திருக்க வேண்டும்.

முதல் தடவை டாக்டரம்மாவிடம் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அளவுக்கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு, பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று ஒவ்வொரு பல்லாகச் சொல்லிக்கொண்டே போனார். உதவியாளப் பெண் கணினியில் தட்டிக்கொண்டாள். மூன்று, நான்கு, மூன்று, ஆறு. காலம் முழுக்க வண்டி எண்களையே கேட்டு வளர்ந்த காது எனக்கு. முன்பல்லுக்கு வந்ததும் டாக்டரம்மா ஏழு என்றார், எட்டு என்றார், கொஞ்சம் நிறுத்தி ஒன்பது என்றார்.

"ஒன்பதா? அது போனா திரும்பி வராதே" என்றேன்.

எங்கள் நிலையத்தில் ஒன்பதாம் எண் வண்டிக்கு அப்படியொரு பெயர். எங்கேயாவது நின்றுவிடும், தேடிக்கொண்டு இன்னொரு வண்டி போகும். உதவியாளப் பெண் குனிந்து சிரித்தாள். நாற்காலியில் மல்லாந்து கிடந்த என் மனைவி சிரிக்கவில்லை. வாயைத் திறந்து வைத்திருக்கும்போது எப்படிச் சிரிப்பாள் என்று அப்போது நினைத்தேன்.

முன்பல் நிற்குமா என்று கிளம்பும்போது டாக்டரம்மாவைக் கேட்டேன். "நிக்கலேன்னா சொல்லுங்க, என்னோடத ரெண்டு கழட்டித் தர்றேன், இங்க உபரியா இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டேன். உண்மையில் என் பற்கள் அப்படி. ஒன்றுகூட அசையாது. குழந்தைப் பருவத்திலிருந்தே பல் விளக்குவதில் எனக்குப் பெரிய நாட்டம் கிடையாது. அவளோ இரண்டு வேளையும் தவம் மாதிரி விளக்குகிறவள். டாக்டரம்மா சிரித்து, பார்க்கலாம் என்றார். நான் வண்டியை எடுத்துவரக் கீழே போனேன். அவள் வருவதற்கு வெகுநேரமாயிற்று. கேட்டதற்கு, லிஃப்ட் வரவில்லை என்றாள்.

பார்க்கலாம் என்பதில் எத்தனை வகை உண்டு என்பதை அடுத்து வந்த நாட்களில் கற்றேன். தலையாட்டிச் சொல்கிற பார்க்கலாம். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொல்கிற பார்க்கலாம். அடுத்த நோயாளியைப் பார்த்துச் சொல்கிற பார்க்கலாம். பெண் கொடுப்பதா வேண்டாமா என்று என் மாமனார் ஒரு வருடம் சொன்ன பார்க்கலாமுக்குக்கூட இவ்வளவு நிறம் இருந்ததில்லை.

மாதிரி எடுத்த அன்றைக்கே, அதாவது நான் கிருமிகளைக் கருவறுத்த அதே நாளில், டாக்டரம்மா முன்பல் நான்கையும் பின்பக்கமாக மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துப் பசை வைத்தார். எனக்கு அது பெரிய நம்பிக்கையைத் தந்தது. கை ஒடிந்தால் கட்டுப் போடுகிறார்கள், எலும்பு கூடிவிடுகிறது. இதுவும் கட்டுதானே? கம்பியும் கட்டியாயிற்று, கிருமியின் பெயரும் தெரிந்துவிட்டால் அதற்கேற்ற மாத்திரை, பல் வேரூன்றிவிடும். நடுவில் என் சிரிஞ்சு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்! இதையே வீட்டில் ஓயாமல் சொல்லிப் புலம்பினேன். சோற்றில் கைவைக்கும்போது சொல்வேன், செருப்பு மாட்டும்போது சொல்வேன். அவள் ஒருமுறைகூட ஆமாம் என்று சொல்லிக் குத்திக்காட்டவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்தியது. ஆனால் உள்ளூர ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது, மறைப்பானேன். கெட்டது என்னால்தான் என்றால், சரிசெய்வதும் என் கையில்தான் இருக்கிறது. பழுது எந்த ஒயரில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. என் தொழிலில் நான் நம்பும் ஒரே விஷயம் அதுதான்.

இதற்கிடையில் அவள் பேச்சில் காற்று கலக்கத் தொடங்கியது. கம்பி கட்டியதில் ஆட்டம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் ஈறு வற்றிப்போய் பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தது. 'செ' என்றால் ஒரு சீட்டி. நான் மிக்ஸரில் உச்ச ஒலிகளைக் கொஞ்சம் குறைத்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். சீட்டி குறைந்தது, கூடவே அவள் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆனது. கண்டக்டர் ஒருவர் தேநீர்க் கடையில் என்னைப் பிடித்தார்.

"என்ன கரகர, மைக்கம்மாவுக்கு வாயில துணி கட்டி விட்டீங்களா? வீட்டுச் சண்டையெல்லாம் வீட்டோட இருக்கட்டும்."

ஸ்பீக்கர் கோளாறு என்றேன். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோதும் அதையே சொன்னேன். இத்தனை வருடமாக ஒரு ஸ்பீக்கரை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையா என்று அவர் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நன்றாகத் திட்டட்டும் என்று நின்றேன். அவர் கோபம் முழுக்க என் ஸ்பீக்கர் மேல் போய் விழுந்தால், கண்ணாடிக் கூண்டுப் பக்கம் திரும்பமாட்டார் அல்லவா?

ஆனால் அவர் திரும்பினார். அறிவிப்புகளையெல்லாம் பதிவு செய்து, பொத்தானை அழுத்தினால் பேசுகிற மாதிரி வைத்துவிடலாம் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவள் பல வருடங்களாக மறுத்துவந்திருந்தாள். பதிவுக்கு வழிதவறி அழுகிற பிள்ளையைத் தெரியுமா, கடைசி வண்டியைத் தவறவிட்டவர்களைத் தெரியுமா என்று வாதாடுவாள். இந்தத் தடவை அவர் கேட்டதும், சரி, செய்துவிடலாம் என்றாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கையிலிருந்த ஒயர் நழுவியது. பதிவு முடிந்தால் கூண்டு எதற்கு, நாற்காலி எதற்கு, அவள் எதற்கு? வீட்டுக்கு வரும் வழியில் ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள். அதுவும் பார்க்கலாமின் தங்கச்சிதான்.

சரி, கிருமியையாவது சீக்கிரம் பிடிப்போம் என்று ஆய்வுக்கூடத்துக்கே நேரில் போனேன். அங்கே இருந்தவரை நான் மனதுக்குள் கிருமிக்காரர் என்று பெயரிட்டுக்கொண்டேன். ஒல்லியாக, பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் ஏங்கிக் கிடந்த மனிதர். நான்தான் அந்தச் சிரிஞ்சு ஆசாமி என்று அறிமுகப்படுத்திக்கொண்டதும் எழுந்து கைகுலுக்கினார். அங்கே நான் கொஞ்சம் பிரபலமாகியிருந்தேன்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. வாயும் ஒரு பேருந்து நிலையம். எத்தனையோ நூறு வகைக் கிருமிகள். பெரும்பாலானவை சாதுப் பயணிகள், சிலது நமக்குக் காவல்கூடக் காக்கின்றன. பல்லைத் துலக்கி முடித்த கொஞ்ச நேரத்திலேயே முதல் ஆட்கள் வந்து பிசுக்காக ஒட்டிக்கொள்வார்கள். அவர்களால் பெரிய கெடுதல் இல்லை. அப்புறம் நீளமாக ஒருவன் வருவான். அவன் முதலில் வந்தவர்களையும் பிடித்துக்கொள்வான், பின்னால் வருகிற போக்கிரிகளையும் பிடித்துக்கொள்வான். கிருமிக்காரர் அவனுக்குத் தரகர் என்று பெயர் வைத்திருந்தார். தரகர் கைகாட்டிய பிறகு, ஈறுக்கு அடியில் காற்றே போகாத பள்ளத்தில் போக்கிரிகள் குடியேறுவார்கள். காற்று பட்டாலே செத்துப்போகிற சாதி. நம் மூச்சு போய்வருகிற வாசலிலேயே, மூச்சுக்குப் பயந்து ஒளிந்து வாழ்கிறார்கள்.

"எலும்பை இவங்களா தின்னுடறாங்க?" என்று கேட்டேன்.

"இவங்க இல்லைங்க. இவங்களை விரட்டறேன்னு நம்ம உடம்பு கிளம்புது பாருங்க, அதுதான் கரைச்சுடுது. எலியைப் பிடிக்க வீட்டை இடிக்கிற மாதிரி."

வீட்டுக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பி வீட்டையே இடிக்கிற அந்த ஆள் எனக்கு ரொம்ப வேண்டியவராகத் தெரிந்தார். பேச்சை மாற்றினேன்.

கிருமிக்காரர் என்னையும் விடவில்லை. என் பல்லின் அடியில் குச்சியால் சுரண்டி, ஒரு துளி தண்ணீரில் கலந்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் எட்டிப் பார்த்தேன். உருண்டை உருண்டையாகச் சிலது, தடி தடியாகச் சிலது. நடுவே சுருள் கம்பி மாதிரி ஒன்று நெளிந்து நெளிந்து, ஏதோ அவசர வேலை இருப்பது போல் ஓடியது. மேல் பார்வைக்கு, ஈறைக் கெடுக்கிற அந்த வகையறா என்னிடமும் இருக்கிறது, அவளிடமும் இதுவேதான் இருக்கும் என்றார். ஒரே வீட்டில், ஒரே தம்ளரில் குடித்து வாழ்கிறவர்களுக்குள் இப்படிப் பரிமாறிக்கொள்வது உண்டாம். அப்படியானால் யாரிடமிருந்து யாருக்கு என்றேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். பின்னே எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? உடம்பு வாகு, என்றார். சில உடம்புகள் கிருமியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். சில உடம்புகள் ரோஷப்படும். என் உடம்புக்கும் என்னைப் போலவே சொரணை கிடையாது என்பதை அறிவியல் முறைப்படி அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது வழக்கமான கேள்வியை வழக்கமான இளிப்போடு கேட்டேன். நாலும் நிற்குமா?

"நான் பல்லைப் பாக்கறதே இல்லைங்க. அதுல குடியிருக்கறவங்களத்தான் பாக்கறேன்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் இருந்த ஒற்றைத் தம்ளருக்குப் பக்கத்தில் எனக்கென்று இன்னொன்றை எடுத்து வைத்தேன். அவள் பார்த்தாள். என் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டாவது மாதிரிக்கு நான் வாசலிலேயே நிறுத்தப்பட்டேன். முடிவு வந்தது. போக்கிரிகள் யார் யார் என்று தெரிந்தது. அதற்கேற்ற மாத்திரையும் வந்தது. இத்தனை வாரமாகக் காத்திருந்த ஒயர் கையில் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது டாக்டரம்மா, கடைவாய்ப் பற்களையாவது நாம் நன்றாகக் காப்பாற்றிவிட வேண்டும் என்றார். அந்த 'யாவது' என் காதில் விழுந்தது. விழுந்ததை நான் குனிந்து எடுக்கவில்லை.

பதிவை அவளுடைய வார விடுமுறையன்று வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். நிலையத்தில் ஒரு நிமிடம்கூட அமைதி கிடையாது. நான் படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்து, துணி அலமாரியின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தேன். தொங்குகிற துணிகளைப் பார்த்துப் பேசினால் குரல் எதிரொலிக்காது. அவள் என் சட்டைகளுக்கு முன்னால் நின்று, மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக இருக்கும் வண்டியைப் பற்றி அவற்றுக்கு அறிவித்தாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, உன் பேச்சைக் கேட்டு நாலைந்து சட்டை கிளம்பிவிட்டது என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள். எப்போதிலிருந்து இப்படி மூடிக்கொள்கிறாள் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

எண்கள் முடிந்தன. ஒன்பது என்று சொல்லும்போது மட்டும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஊர்ப் பெயர்கள் முடிந்தன. தேசிய கீதம் மட்டும் பாக்கி.

"தாமதத்திற்கு வருந்துகிறோம்."

ஹெட்ஃபோனில் கேட்டால் எதையும் மறைக்க முடியாது. ஒவ்வொரு 'த'விலும் நாக்கு போய் முட்ட ஓரிடம் தேடி, கிடைக்காமல், நழுவியது. அவளுக்கும் தெரிந்தது. இன்னொரு தடவை என்றாள். மறுபடி. நாக்கை மெதுவாக வைத்துப் பார்த்தாள், அழுத்தி வைத்துப் பார்த்தாள். அழுத்தியபோது முகம் சுளித்தது. கைக்குட்டையில் துப்பிப் பார்த்து மடித்துக்கொண்டாள். சிவப்பை நானும் பார்த்தேன். இன்னொரு தடவை என்றாள்.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். எதற்கு இப்படி உயிரை விடுகிறாய் என்றேன். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. புண் ஆறட்டும், பல் இறுகட்டும். ரெண்டு மாதம் கழித்துப் பதிவு செய்தால் மணி மாதிரி வரும். மேலாளருக்கு இன்னொரு ஸ்பீக்கர் கோளாறு சொல்லிக்கொள்ளலாம், என்னிடம் கோளாறுக்கா பஞ்சம். அன்றைக்கு நான் மட்டும் அந்தச் சிரிஞ்சைக் கையில் எடுக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் எல்லாம் சரியாகிக்கூட இருக்கும் என்று, எத்தனையாவது தடவையாகவோ, சொன்னேன்.

அவள் அலமாரியைப் பார்த்தபடியே நின்றாள். என் சட்டை ஒன்றின் காலரை இழுத்து நேராக்கினாள். வழக்கமாக அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். அன்றைக்கு ஹெட்ஃபோனைக் கட்டிலில் வைத்தேன். அப்போதுதான் உறைத்தது, என் வழக்கமான கேள்வியை இதுவரை நான் ஒருவரிடமும் வேடிக்கை கலக்காமல் கேட்டதே இல்லை.

"நாலும் நிக்குமா?" என்றேன்.

அவள் திரும்பினாள். நான் இன்னும் எதையாவது சேர்ப்பேனா என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் சேர்க்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாக்கைப் பல்லில் படாமல் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசினாள்.

"நிக்காதுங்க. முதல் நாளே கேட்டுட்டேன். நீங்க வண்டி எடுக்கப் போனீங்களே, அப்ப. லிஃப்டெல்லாம் வந்துச்சு, நான்தான் ஏறல. எலும்பே இல்லையாம், புதுசாப் பல்லு பதிக்கவும் வழி இல்ல. மாத்திரை மத்த பல்லுக்கு. இந்தக் கம்பி நான் கேட்டுக் கட்டிக்கிட்டது, மேலாளர் திரும்பக் கேட்டா ஒத்துக்கிட்டு, இந்தப் பதிவைப் பேசி முடிக்கிற வரைக்கும் தாங்கினாப் போதும்னு. நீங்க அன்னிக்குக் கழுவினதால எதுவும் கெடல. கழுவாம இருந்திருந்தாலும் இப்படித்தான்."